பெரிய காணொளிக் கோப்புகளைச் சுருக்காமல் கையாளும் முறை

நம் வீடுகளில் கிடக்கும் மினி டிவி ஒளிநாடாக்களில் திருமணமும் தீமிதியும் மட்டும் இல்லை. தோட்டத்து வாழ்க்கையைக் கண்டவர்களின் குரல்களும் இருக்கின்றன. கோப்பெங் சுற்றுவட்டாரத்தில் பால்மரம் சீவிய பெரியவர்களிடம் நாங்கள் எடுத்த பேட்டிகள் அப்படிப்பட்டவை. அவற்றைக் கணினிக்கு மாற்றியபோது நான் கற்றவற்றை இங்கே பகிர்கிறேன்.

கணக்கு

நம் நாட்டில் பயன்பட்ட பால் முறையில் ஒரு விநாடிக்கு 25 படச்சட்டங்கள். டிவி பதிவில் ஒரு சட்டம் 144,000 பைட். ஆக, விநாடிக்கு 36 லட்சம் பைட். ஒரு மணி நேர நாடாவுக்கு ஏறத்தாழ 13 ஜி.பி. தேவை.

தடைகள் மூன்று

முதலாவது, வட்டின் அமைப்பு. ஃபேட் 32 முறையில் கோப்பின் அளவைக் குறிக்க 32 பிட் மட்டுமே உண்டு. எனவே ஒரு கோப்பு 4,294,967,295 பைட்டைத் தாண்ட முடியாது. வட்டில் இடம் தாராளமாக இருந்தாலும் டிவி பதிவு சுமார் 20 நிமிடத்தில் நின்றுவிடும்.

இரண்டாவது, கோப்பின் வகை. பழைய ஏ.வி.ஐ. மென்பொருள்கள் பல 2 ஜி.பி.யைத் தாண்டத் திணறின. 1996இல் வந்த ஓப்பன் டி.எம்.எல். விரிவாக்கம் இதைத் தீர்த்தது.

மூன்றாவது, கொண்டுசெல்லும் ஊடகம். சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜி.பி. மட்டுமே.

தீர்வுகள்

1. வட்டை மாற்றுங்கள். விண்டோசில் 'கன்வெர்ட்' கட்டளை, உள்ள கோப்புகளை அழிக்காமலே ஃபேட் 32 வட்டை என்.டி.எஃப்.எஸ். முறைக்கு மாற்றும். எனினும், முன்னதாக ஒரு படி எடுத்து வைப்பது நல்லது. விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுத வேண்டுமானால் எக்ஸ்ஃபேட் ஏற்றது; ஆனால் அதற்கு வட்டை முழுவதும் அழித்து அமைக்க வேண்டும்.

2. துண்டாக்குங்கள். டிவி பதிவில் ஒவ்வொரு சட்டமும் தனித்து நிற்பதால் எங்கு வெட்டினாலும் தரம் குறையாது. இருந்தாலும் பேச்சின் இடைவெளியில் வெட்டுவதே முறை. எம்பெக், எச்.264 வகைகளில் பல சட்டங்கள் அண்டைச் சட்டங்களைச் சார்ந்திருக்கும். ஆகவே மறுபதிவின்றி வெட்டுவதானால் முதன்மைச் சட்டம் உள்ள இடத்தில்தான் வெட்ட வேண்டும்.

3. மறுபதிவு செய்யாமல் இணையுங்கள். விர்ச்சுவல் டப், எஃப்எஃப்எம்பெக் போன்ற இலவச மென்பொருள்கள் படத்தையும் ஒலியையும் உள்ளபடியே நகலெடுத்துச் சேர்க்கும். துண்டுகளின் மொத்த நேரமும் இணைத்த கோப்பின் நேரமும் ஒத்துப்போகின்றனவா, இறுதியில் உதடும் ஒலியும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

4. சுருக்குவது கடைசியில். உறவினருக்குக் கொடுக்கும் படியை மட்டும் சுருக்கலாம். டிவிடியின் 470 கோடி பைட்டை 8ஆல் பெருக்கி, 90 நிமிடத்துக்குரிய 5400 விநாடிகளால் வகுத்தால் விநாடிக்கு ஏறத்தாழ 70 லட்சம் பிட் வரும். ஒலிக்கும் பட்டியலுக்கும் கொஞ்சம் விட்டு, படத்துக்கு 65 லட்சம் வைத்தால் போதும்.

ஏன் இத்தனை கவனம்?

பேட்டியின் நடுவே ஒரு பாட்டி, கையில் கத்தி இல்லாமலே மரம் சீவிக் காட்டுகிறார். மணிக்கட்டு எப்படித் திரும்புகிறது, விரல் எங்கே நிற்கிறது என்பதெல்லாம் மூலப்பதிவில் தெளிவாகத் தெரிகின்றன. அதையே விசிடியாக மாற்றிப் பார்த்தேன். 720க்கு 576 புள்ளிகள் இருந்த படம் 352க்கு 288 ஆகிவிட்டது, அதாவது கால்பங்கு. பாட்டி தெரிகிறார், கையின் வேலை தெரியவில்லை. அந்தத் தோட்டத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. அவரும் காலமாகிவிட்டார். திரும்பப் போய் எடுக்க வழியில்லை.

விசிடி கையில் இருக்கிறதே என்று நாடாவைத் தூக்கி எறிந்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். மினி டிவி நாடாவை ஓட்டும் கருவிகளும் ஃபயர்வயர் இணைப்புள்ள கணினிகளும் அருகிவிட்டன. எனவே நாடா வைத்திருப்போர் இந்த விடுமுறையிலேயே மாற்றத் தொடங்குங்கள். மூலக்கோப்பை இரண்டு வட்டுகளில், இரண்டு வீடுகளில் வையுங்கள். துண்டுகளின் பெயரில் பேசுபவர், தோட்டம், தேதி மூன்றையும் எழுதுங்கள். 13 ஜி.பி. அன்று பெரிய சுமை. இன்று சட்டைப்பையில் அடங்கும்.