ஒரே சென்ட், எதிரெதிர் தீர்ப்பு

பிரிட்னி ஸ்பியர்ஸ் பெயரில் 2005-இல் வந்த 'ஃபேன்டஸி', பழமும் பூவும் கலந்த, கைக்கு எட்டும் விலையிலான பெண்கள் சென்ட். போட்டவர்களில் சிலர் நாள் முழுக்க மணக்கிறது என்கிறார்கள், சிலருக்குத் திகட்டுகிறது, மதியத்துக்குள் போய்விட்டது என்பவர்களும் உண்டு. இதில் யார் சொல்வதும் பொய்யில்லை. லிச்சி, கிவி போன்ற பழ வாசனைகள் முதலில் ஆவியாகிவிடும். பிறகு மல்லிகையும் வெள்ளை சாக்லேட்டும் தலைகாட்டும். கடைசிவரை தங்குவது கஸ்தூரி வாசனைதான். கடையில் ஒரு நிமிடம் முகர்ந்தவரும் மாலை வரை போட்டிருந்தவரும் மதிப்பிடுவது வெவ்வேறு மணங்களை.

"மலிவு, அதனால்தான் நிற்கவில்லை" என்பார்கள். அதை முழுதாக ஏற்க முடியாது. விலை உயர்ந்த பாட்டிலிலும் பழ வாசனை சீக்கிரம் பறந்துவிடும். செயற்கைக் கஸ்தூரி வகைகளில் சில, சிலரது மூக்குக்கு எட்டுவதே இல்லை. போட்டுக்கொண்டவருக்கோ மூக்கு பழகிவிடும். மணம் இருக்கிறதா என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். வறண்ட சருமம் என்றால் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தடவி அதன்மேல் அடியுங்கள். காகித அட்டையை மட்டும் முகர்ந்து வாங்க வேண்டாம். மணிக்கட்டில் ஒருமுறை அடித்து, தேய்க்காமல் விட்டு, நான்கு மணி நேரம் கழித்தும் பிடித்திருந்தால் வாங்குங்கள்.