மருத்துவ ஆய்வுக்கூடங்களில் தொற்றுத் தடுப்பு

தேக்காவிலிருந்து வடக்கே மோல்மின் சாலைப் பக்கம் செல்வோர் நன்கறிந்தது டான் டோக் செங் மருத்துவமனை. 2003ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சார்ஸ் நோயாளிகளுக்கென ஒதுக்கப்பட்டது அம்மருத்துவமனையே. அவ்வாண்டின் முற்பகுதியில் இந்நாட்டில் 238 பேரைப் பீடித்து, 33 பேரின் உயிரைக் கவர்ந்தது அந்நோய். மே 31ஆம் நாள், நோய் பரவும் இடங்களின் பட்டியலிலிருந்து உலகச் சுகாதார நிறுவனம் சிங்கப்பூரை நீக்கியது. ஆயினும் செப்டம்பரில் மீண்டும் ஒருவருக்குச் சார்ஸ் கண்டது. இம்முறை அது ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது.

அவர் ஒரு பட்டமேற்படிப்பு மாணவர். ஆகஸ்டு 23ஆம் நாள் சுற்றுப்புறச் சுகாதாரக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் அவர் கையாண்டது மேற்கு நைல் கிருமியை. மூன்றாம் நாள் காய்ச்சல் தொடங்கியது. சார்ஸ் கிருமியை ஆராய்வதாக அவர் எண்ணவேயில்லை. ஆனால் அதே ஆய்வுக்கூடத்தில் சார்ஸ் கிருமியும் வளர்க்கப்பட்டது; அவர் கையாண்ட மாதிரியில் அது கலந்திருந்தது. 11 பேர் கொண்ட வல்லுநர் குழு இதனைக் கண்டறிந்து, செயல்முறைகளிலும் பயிற்சியிலும் பதிவேடு பேணுவதிலும் இருந்த குறைகளைச் சுட்டிக்காட்டியது. மாணவர் குணமடைந்தார், அவரிடமிருந்து பிறருக்கு நோய் தொற்றவில்லை. அடுத்த ஆண்டு பெய்ஜிங்கில் அவ்வாறு அமையவில்லை. அங்கு ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய சார்ஸ் ஒன்பது பேருக்குப் பரவியது. நோயுற்ற ஆய்வாளர் ஒருவரைப் பேணிய தாயார் உயிர் நீத்தார்.

சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2005இல் உயிரியல் காரணிகள், நச்சுகள் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டம் வேண்டியதே. எனினும் ஆய்வு மேசையில் அமர்ந்திருப்பவரின் பழக்கமே முதற்காவல் என்பது என் கருத்து.

மருத்துவமனை ஆய்வுக்கூடத்திற்கு வரும் இரத்தக் குழாயின் ஒட்டுச்சீட்டு நோயாளியின் பெயரைச் சொல்லும். உள்ளே உள்ள கிருமிகள் அனைத்தையும் சொல்லாது. ஆகவே ஒவ்வொரு மாதிரியையும் தொற்றுள்ளதாகவே கருதிக் கையாள்வது முறை. விரைவாகச் சுழலும் இயந்திரத்தில் குழாய் உடைந்தால், கண்ணுக்குப் புலப்படாத நுண்துளிகள் காற்றில் பரவும். அதனால் உடனே மூடியைத் திறவாமல், அவை படியும் வரை காத்திருத்தல் வேண்டும். காசநோய்க் கிருமியை வளர்க்கும் வேலையைப் பாதுகாப்புப் பெட்டகத்தினுள் செய்வர். அது காற்றை உள்ளிழுத்து வடிகட்டி வெளியேற்றும். பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடியிடலாகாது; அதனைத் துளைபடாத கலத்தில் இடவேண்டும். முற்காலத்தில் உறிஞ்சுகுழாயை வாயால் உறிஞ்சும் வழக்கம் இருந்தது. அவ்வாறு நோயுற்றோர் பலர். இன்று அது அறவே விலக்கப்பட்டுள்ளது.

குடியிருப்புப் பேட்டைகளில் வாழும் நமக்கும் இதில் பங்குண்டு. சளி மாதிரி கேட்டால், திறந்த வெளியில் பிறர் அருகில் இல்லாதபோது இருமி எடுத்துக் கிண்ணத்தில் சேர்த்து, மூடியை இறுகத் திருக வேண்டும். பலர் இதனை அரைகுறையாக மூடிப் பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறிவிடுகின்றனர்! கசிந்த கிண்ணத்தை முதலில் தொடுபவர் முகப்பிலுள்ள ஊழியர். வெளிநாடு சென்று வந்திருந்தாலோ, வீட்டில் எவருக்கேனும் காசநோய் இருந்தாலோ, மருத்துவரிடம் மறையாது கூறுக. அவர் அதனைப் படிவத்தில் குறித்தால்தான், மாதிரியைத் திறப்பவர் அதற்கேற்ற ஏற்பாட்டுடன் திறப்பார்.