நாமே திறக்கும் வாயில்

பத்தாண்டு முற்றுகைக்கும் பணியாத டிராய் நகரம், ஒரு மரக்குதிரையால் வீழ்ந்தது என்பது கிரேக்கக் கதை. பகைவர் ஒளிந்திருந்த குதிரையைப் பரிசெனக் கருதி, நகரத்தாரே மதிலுக்குள் இழுத்துச் சென்றனர். கணினியைக் கெடுக்கும் ஒருவகை நிரலுக்கு 'டிரோஜன்' எனப் பெயர் வந்தது இதனால்தான். வைரஸ் தன்னைத்தானே பெருக்கிப் பரவும். டிரோஜன் பயனுள்ள மென்பொருளாய் வேடமிட்டு, நம் கையாலேயே கணினியுள் நுழையும்.

1989 டிசம்பரில், எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் தரும் மென்பொருள் என்னும் பெயரில் ஏறத்தாழ 20,000 நெகிழ்வட்டுகள் அஞ்சலில் பலருக்கு அனுப்பப்பட்டன. அதனை நிறுவிய கணினி சுமார் 90 முறை இயக்கப்பட்டதும், கோப்புகளின் பெயர்கள் மறைகுறிகளாய் மாறின. 189 டாலரைப் பனாமா நாட்டு முகவரிக்கு அனுப்புமாறு கட்டளை தோன்றியது. அன்று மாறியவை பெயர்களே. ஆதலின் மீட்க முடிந்தது. இன்றைய டிரோஜன்களோ கடவுச்சொற்களைக் களவாடும்; கோப்பின் உள்ளடக்கத்தையே பூட்டிப் பணம் கேட்கும் நிரல்களுக்கும் வழிவிடும்.

தொழும் கைக்குள்ளும் கொலைக்கருவி ஒளிந்திருக்கலாம் எனக் 'கூடாநட்பு' அதிகாரத்தில் வள்ளுவர் உணர்த்துவார். எனவே மாணவர்கள், மூலம் தெரியாத மென்பொருளை இலவசமெனக் கருதி நிறுவுதல் கூடாது. பல்லாண்டு உழைத்து எழுதிய ஆய்வேட்டின் படியொன்றைக் கணினிக்கு வெளியே தனித்து வைத்தல் வேண்டும். தடுப்பு மென்பொருள் இருப்பினும், உள்ளே வர இசைவு தருபவர் நாமே என்பதை மறவாதிருப்போம்.