ஒரே ரேகையில் நான்கு சீதோஷ்ணம்

பூமியின் சீதோஷ்ண நிலையை உஷ்ணம், வறட்சி, மிதம், கடுங்குளிர், துருவம் என ஐந்து பெரும் பிரிவுகளாக வகுப்பது, கெப்பன் என்னும் அறிஞர் 1900-ம் ஆண்டில் வெளியிட்ட முறையைத் தழுவிய வழக்கமாகும். பூமத்திய ரேகையை அடுத்து உஷ்ணமும், துருவங்களை நோக்கிச் செல்லச் செல்லக் குளிரும் மிகும் என்பது பொது விதி. ஆயினும் அட்சரேகை ஒன்றே யாவற்றையும் நிர்ணயிப்பதில்லை. காற்று, மலை, உயரம், கடல் ஆகியவையும் தத்தம் பங்கைச் செய்கின்றன.

இதற்குச் சான்று நம் அருகிலேயே உண்டு. கோழிக்கோடு, உதகமண்டலம், கோயமுத்தூர், நாகப்பட்டினம் ஆகிய நான்கும் ஏறத்தாழ வடக்கு 11-வது பாகையில் உள்ளவை. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குத் தொடர்ச்சி மலைமீது ஏறுங்கால் குளிர்ந்து, தன் ஈரத்தை மேல்புறத்திலேயே பொழிந்துவிடுகிறது. ஆதலின் கோழிக்கோட்டில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்ய, மலைமறைவிலுள்ள கோயமுத்தூருக்கு அதில் நாலிலொரு பங்குகூடக் கிட்டுவதில்லை. உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி உஷ்ணம் குறையுமாதலின் அங்கே குளிர் நிலவுகிறது. நாகப்பட்டினத்துக்கோ, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடல் வழியே வரும் வடகிழக்குப் பருவக்காற்றே பெருமழை தருவது.

குடியானவர்கள் இதனால் அறியவேண்டுவது ஒன்று. ஆனி மாதத்தில் மலையாளக் கரையில் மழை கொட்டுவதைக் கேட்டு, கீழைக்கரை மானாவாரி நிலத்தில் கடன்பட்டு விதைப்பவருடைய விதை கருகலாம், கடன் கருகாது. தம் ஊரின் பல்லாண்டு மழைக்கணக்கைப் பார்த்து விதைப்பை வகுத்துக்கொண்டு, சங்கத்தில் பெறும் கடனையும் தவணையையும் அதற்கிணங்க அமைத்துக்கொள்வாராக.