மணலில் நிற்கும் கப்பல்: புகைப்படத்தைச் சான்றாக வாசித்தல்

எட்டாம் வகுப்பு வரலாற்றைத் தொடங்கும்போதே சான்றுகளைப் பற்றிப் பேசிவிடுகிறோம். எழுதப்பட்ட சான்று, பொருள் சான்று என்று பிரித்து, எடுத்துக்காட்டுச் சொல்லி, கோடிட்ட இடத்தை நிரப்பச் செய்து கடந்தும் விடுகிறோம். புகைப்படமும் ஒரு சான்றுதான் என்பதை மாணவர்கள் உடனே ஒப்புக்கொள்வார்கள். அந்தச் சான்றைக் கேள்வி கேட்க வேண்டும் என்பதுதான் அவர்களுக்குப் புதிது. கைப்பேசியில் வந்து விழும் படம் எந்த ஊரில், எந்த ஆண்டில், யார் எடுத்தது என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்? பிள்ளைகளை விடுங்கள், நம் ஆசிரியர் குழுக்களில் பகிரப்படும் படங்களையே எண்ணிப் பாருங்கள்.

இதற்காக இரண்டு பாடவேளைகளை ஒதுக்கினேன். எடுத்துக்கொண்டது ஒரே ஒரு கப்பலின் படங்கள்தாம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலக் கடற்கரையில் 1906-இல் தரைதட்டிய 'பீட்டர் ஐர்டேல்' என்ற நான்கு பாய்மரக் கப்பல் அது. இணையத்தில் எளிதில் கிடைக்கும். படத்தின் கீழிருந்த விளக்கத்தை மறைத்துவிட்டு, ஹைடெக் ஆய்வகத் திரையில் காட்டினேன்.

கரும்பலகையில் இரண்டு பத்திகள். ஒன்று 'கண் பார்ப்பது', மற்றொன்று 'மனம் சொல்வது'. "புயல்ல மாட்டின கப்பல் டீச்சர்" என்றது முதல் குரல். புயலைப் படத்தில் காட்டச் சொன்னேன். காட்ட முடியவில்லை, இரண்டாம் பத்திக்குப் போனது. "எல்லாரும் செத்துட்டாங்க" என்பதும் அங்கேதான் போனது. முதல் பத்தி நிரம்ப நேரமாயிற்று. கப்பலின் உடல் முழுதாக இருக்கிறது, பாய்மரங்கள் முறிந்திருக்கின்றன, கயிறுகள் தொங்குகின்றன, அடியில் மணல். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். இருபது நிமிடம் ஆனாலும் ஆகட்டும். உரக்க வாசிக்கத் தயங்கும் மாணவர்கள் படத்தைப் பார்த்துப் பேச முன்வருகிறார்கள் என்பதை நான் கண்டது இங்கேதான்.

அடுத்து மூன்று தலைப்புகளைக் கொடுத்தேன்: கடற்போரில் தாக்கப்பட்ட கப்பல், உடைப்பதற்காகக் கரையேற்றப்பட்ட பழைய கப்பல், காற்றில் தரைதட்டிய கப்பல். எது பொருந்தும், எதை எந்த ஆதாரத்தால் நிராகரிப்பீர்கள் என்று குழுவாகப் பேசச் சொன்னேன். முதல் தலைப்பை விரைவில் தள்ளிவிட்டார்கள். குண்டு துளைத்த ஓட்டை எதுவும் தெரியவில்லையாம். இரண்டாவதை மட்டும் எந்தக் குழுவாலும் உறுதியாகத் தள்ள முடியவில்லை. படத்தை மட்டும் வைத்துச் சொல்லக்கூடியது ஓர் எல்லையோடு நின்றுவிடும் என்பது அவர்களுக்கே தெரிந்துபோயிற்று. அதன் பிறகுதான் எழுத்துச் சான்றுகளைத் திறந்தேன்.

1890-இல் இங்கிலாந்தின் மேரிபோர்ட்டில் எஃகால் கட்டப்பட்ட கப்பல் இது. நீளம் 285 அடி. நம் வகுப்பறை 20 அடி என்றால் பதினான்கு வகுப்பறைகளை வரிசையாக வைத்த நீளம். (மைதானத்தில் கயிறு போட்டு அளந்தோம். கயிறு போதாமல் நான்கு முறை நகர்த்த வேண்டியிருந்தது.) மெக்சிகோவின் சலீனா குரூஸிலிருந்து புறப்பட்டது. போர்ட்லாந்தில் கோதுமை ஏற்றுவதற்காகப் போனதால் சரக்கு இல்லை. நிலைநிறுத்த 1,000 டன் அடிச்சுமை மட்டும். 1906 அக்டோபர் 25 அதிகாலை, கொலம்பியா ஆற்றின் முகத்துவாரத்தை நெருங்கியபோது அடர்ந்த மூடுபனி. மேற்கிலிருந்து பலத்த காற்று. தலைவர் லாரன்ஸ் கப்பலைத் திருப்பிக் கடலுக்குள் கொண்டுபோக முயன்றார். வடமேற்கிலிருந்து வீசிய சூறை அதைக் கிளாட்சாப் மணற்பரப்பில் தள்ளியது. மோதிய வேகத்தில் மூன்று பாய்மரங்கள் முறிந்தன.

எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் மீனவர் குடியிருப்பிலிருந்து வருகிறார்கள். "ஆறு வந்து சேர்ற எடத்துல மணல் தெனம் ஒரு பக்கம் கெடக்கும் டீச்சர். சரக்கு இல்லாத போட்டு மேல தூக்கி நிக்கும், காத்து சும்மா தள்ளிட்டுப் போயிடும்" என்று ஒரு மாணவன் விளக்கினான். பாடநூல் எதிலும் இவ்வளவு தெளிவாக நான் படித்ததில்லை. கொலம்பியா முகத்துவாரத்திலும் அதே கதைதான். ஆறு கொண்டுவரும் மணலும் பசிபிக்கின் அலையும் மோதும் அந்தப் பகுதியை மாலுமிகள் பசிபிக்கின் கல்லறை என்றே அழைத்தார்கள்.

வகுப்பில் அதிகம் பேசாத ஒரு மாணவி கேட்டது வேறு. "அவங்களக் கூட்டிட்டு வர யார் போனா?" அவள் அப்பா தினமும் கடலுக்குப் போகிறவர். கரையிலிருந்த மீட்புப் படகு சென்றது. கப்பலில் இருந்த 27 பேரும் பிழைத்தார்கள், அனுமதியின்றி ஒளிந்து ஏறியிருந்த இருவர் உட்பட, என்றேன். 'எல்லாரும் செத்துட்டாங்க' என்ற வரியை அவளே எழுந்துவந்து அழித்தாள். அந்தப் படகு எந்தப் படத்திலும் இல்லையே என்றும் கேட்டாள். படம் எடுத்தவர் வந்தது எல்லாம் முடிந்த பிறகு என்று பக்கத்தில் இருந்தவளே பதில் சொன்னாள்.

தவறு யாருடையது? பாதிக்கு மேல் தலைவரைக் குற்றவாளி ஆக்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் அஸ்டோரியாவில் கூடிய பிரிட்டிஷ் கடல் விசாரணை மன்றம் அவர்மீது குற்றமில்லை என்றது, கப்பலைக் காக்க எடுத்த முயற்சியைப் பாராட்டவும் செய்தது என்று சொன்னேன். "கப்பலும் பிரிட்டிஷ், விசாரிச்சவங்களும் பிரிட்டிஷா?" என்றான் கடைசி வரிசையிலிருந்து ஒருவன். எழுத்துச் சான்றையும் கேள்வி கேட்க வேண்டும் என்று நான் தனியாக நடத்த வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் பாடவேளையில் பிற்காலப் படங்கள். கப்பலை மீட்க நினைத்தவர்கள் நல்ல வானிலைக்காகக் காத்திருந்தார்கள். அதற்குள் அது சாய்ந்து மணலில் புதைந்தது. பின்னர் பழைய இரும்புக்கு விற்கப்பட்டது. 1942 ஜூனில் அருகிலிருந்த ஸ்டீவன்ஸ் கோட்டையை நோக்கி ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் ஐ-25 பதினேழு குண்டுகள் சுட்டது. அதற்குப் பின் கரை நெடுக முள்கம்பி கட்டினார்கள், இந்தச் சிதைவையும் சேர்த்து. இன்று துருப்பிடித்த முன்பகுதியும் விலா எலும்பு போன்ற சட்டங்களும் மட்டும் ஒரு பூங்காவின் கடற்கரையில் நிற்கின்றன. படங்களைக் கலைத்துக் கொடுத்துக் கால வரிசையில் அடுக்கச் சொன்னேன். துருவின் அளவையும், காணாமல் போன பாகங்களையும், நிற்பவர்களின் உடையையும் வைத்துச் சரியாகவே அடுக்கினார்கள்.

வீட்டுப்பணியாக, நம் ஊர்க் கரையைக் காட்டும் பழைய படம் ஒன்று கொண்டுவரச் சொன்னேன். பின்பக்கம் ஒட்டும் தாளில் யார் எடுத்தது, எங்கே, எப்போது, யார் சொல்லித் தெரிந்தது என்று நான்கு விவரங்கள் வேண்டும். பதினொன்று வந்தன. ஒன்று சுனாமிக்கு முன் எடுத்த படகுத்துறைப் படம். ஆண்டு கேட்டதற்கு வீட்டில் இருவர் இரு ஆண்டுகளைச் சொல்லியிருக்கிறார்கள். மாணவி இரண்டையும் எழுதி, எதிரே சொன்னவர் இன்னார் என்றும் குறித்திருந்தாள்.