மலிவான கார்பன்: வாங்கலாமா, வேண்டாமா?

தம்பி தங்கைகளே, ஞாயிறு காலையில் உலு லங்காட் பக்கம் போனால் நம்ம பசங்க கூட்டமா சைக்கிள் ஓட்டுவதைப் பார்க்கலாம். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்: "ஆன்லைன்ல கார்பன் ஹேண்டில்பார் நூறு வெள்ளிக்குக் கிடைக்குது, வாங்கலாமா?" பதில் சொல்லும் முன் சில விஷயங்களைத் தெரிஞ்சிக்குவோம்.

1. கார்பன் எப்படி உடைகிறது?

அளவுக்கு மீறிய பாரம் வந்தால் இரும்பும் அலுமினியமும் பெரும்பாலும் முதலில் வளையும். கார்பன் அப்படியில்லை. மெல்லிய இழைகளை எப்பாக்சி பசையோடு அடுக்கடுக்காக ஒட்டி, சூட்டில் இறுக்கிச் செய்வது அது. இழை ஓடும் திசையில்தான் அதற்குப் பலம். அடுக்குகளுக்கு நடுவே காற்றுக்குமிழோ மடிப்போ இருந்தால், விரிசல் உள்ளுக்குள்ளேயே வளரும். வெளியே பெயிண்ட் பளபளன்னு இருக்கும். ஒரு நாள் பட்டென்று முறியும்.

உலோகம் முறியாதா? முறியும். 2006 பாரிஸ்–ரூபே பந்தயத்தில் ஜார்ஜ் ஹின்கபியைக் கீழே தள்ளிய ஸ்டீரர் குழாய் அலுமினியம்தான். ஆகவே எந்தப் பொருள் என்பதோடு, எப்படிச் செய்தார்கள், எப்படிப் பொருத்தினார்கள் என்பதையும் பார்க்கணும்.

2. விற்பவரிடம் மூன்று கேள்விகள்

செய்தது யார்? எந்தச் சோதனையில் தேறியது? உடைந்தால் யார் பொறுப்பு?

ஐ.எஸ்.ஓ. 4210 என்ற தரநிலை, ஃபிரேம், ஃபோர்க், ஹேண்டில்பார் ஆகியவற்றுக்குத் திரும்பத் திரும்பப் பாரம் கொடுத்துச் சோதிக்கச் சொல்கிறது. வெறும் ஸ்டிக்கர் அதற்குச் சாட்சி ஆகாது. பெரிய பிராண்ட் பெயர் போட்டு, விலை மட்டும் கால்வாசி என்றால் போலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

3. எதில் மிச்சம் பிடிக்கலாம்?

போத்தல் கூடு உடைந்தால் போத்தல்தான் விழும். ஹேண்டில்பார், ஸ்டெம், ஃபோர்க், சீட் போஸ்ட் உடைந்தால் நீங்கள் விழுவீர்கள். ஹேண்டில்பாரில் குறையும் எடை பெரும்பாலும் நூறு கிராம்கூட இருக்காது. நாலு மடக்குத் தண்ணீர், அவ்வளவுதான்! அதே காசுக்கு நல்ல அலுமினியம் வாங்குவதே புத்தி. ரிம் பிரேக் சைக்கிளில் மலிவான கார்பன் ரிம் போட்டு கெந்திங் மலை இறங்காதீர்கள். பிரேக் சூட்டில் பசை இளகிவிடலாம்.

4. பொருத்தும்போது

கை அளவில் முறுக்காதீர்கள். டார்க் ரென்ச் வேண்டும். பாகத்தில் அச்சிட்டிருக்கும் அளவை (பல ஸ்டெம்களில் 5 நியூட்டன் மீட்டர்) தாண்டக் கூடாது. சாதாரண கிரீஸ் பூசாமல், கார்பனுக்கான பேஸ்ட் பூசுங்கள்.

5. விழுந்த பிறகு

துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். காசால் தட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மந்தமாகக் கேட்டாலோ, ஓட்டும்போது புதுசா 'கிரீச்' என்றாலோ அந்தப் பாகத்தோடு ஓட்டாதீர்கள். சத்தம் சரியாக இருப்பதால் மட்டும் பாகம் நல்லது என்று ஆகிவிடாது. சந்தேகம் தீராவிட்டால் மாற்றிவிடுங்கள்.

கலந்து பேச:
• உங்கள் சைக்கிளில் எந்தப் பாகம் உடைந்தால் உடனே விழுவீர்கள்?
• நண்பன் விழுந்த சைக்கிளை விற்கிறான். என்ன கேட்பீர்கள்?