பாவை இல்லத்துச் சிற்றுணவு

சிறியதைச் செய்தல் எளிதென்று எண்ணுவார் பலர். பெரியதொன்றன் அளவைக் குறைப்பின் சிறியது தானே அமையும் என்பது அவர்தம் கொள்கை. அக்கொள்கை உண்மையொடு பொருந்துமா என்பதை, பாவை இல்லங்கட்கு உணவுருக்கள் சமைக்கும் நுண்டொழிலை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்தலே ஈண்டு யாம் மேற்கொண்ட பணியாம்.

தமிழ் நூல்களைப் பயில்வார்க்குச் சிற்றில் என்னும் சொல் புதிதன்று. சிறுமியர் மணலால் வீடிழைத்து, மணலையே சோறாக்கி விளையாடுவர். அதனை அழியாதே என்று அவர் சிறுவனை வேண்டுதல் ஆண்பாற் பிள்ளைத்தமிழில் ஒரு பருவமாகவே அமைந்துளது. அம்மணற்சோறு மாலைக்குள் மறைவது. மேனாட்டுப் பாவை இல்லமோ தலைமுறை தலைமுறையாகக் காக்கப்படுவது. பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்னும் செல்வச் சீமாட்டிக்காக ஏறத்தாழ 1686 முதல் 1710 வரை அமைக்கப்பட்ட இல்லமொன்றை ஆம்ஸ்டர்டாம் நகரத்து ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். எட்வின் லட்டியன்ஸ் என்னும் கட்டடக்கலைஞர் இங்கிலாந்தின் மேரி அரசியார்க்கென 1921 முதல் 1924 வரை அமைத்த இல்லம் விண்ட்சர் அரண்மனையில் உளது. ஓரடிக்கு ஓரங்குலம், அஃதாவது 1:12 என்பது அவ்வில்லத்தின் அளவு. இத்தொழில் பயில்வோர் பெரும்பாலும் இன்று கைக்கொள்வதும் அவ்வளவே.

இல்லம் அமைந்தபின் அதன்கண் உணவும் வேண்டுமன்றோ? முன்னாளில் அவ்வுணவு பாரிஸ் சாந்தினாற் செய்யப்பட்டது. பியாட்ரிக்ஸ் பாட்டர் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1904-ஆம் ஆண்டில் வெளியிட்ட இரண்டு பொல்லாத எலிகளின் கதையில் இதற்குச் சான்றுளது. பாவை இல்லத்துட் புகுந்த எலிகள் இரண்டும் மேசைமீதிருந்த தொடைக்கறியை அறுக்க முயல்கின்றன. கத்தி வளைகின்றது, கறி உடைகின்றது, உள்ளே இருப்பது வெறுஞ்சாந்து. மீனோ தட்டோடு ஒட்டப்பட்டுளது. சினங்கொண்ட எலிகள் வீட்டையே சூறையாடுகின்றன. எலிகளின் சினம் இயல்பே. ஆயினும் அவை வழக்கை வேறு மன்றத்திற்குக் கொண்டுசென்றன. பாவை இல்லத்து உணவு வயிற்றுக்கு உரியதன்று, கண்ணுக்கு உரியது. கண்ணை நிறைவித்ததா என்பதே அதனை அளக்குங் கோலாம்.

இக்காலத்தில் இத்தொழிலுக்குப் பெரிதும் பயன்படுவது பாலிமர் களிமண். பெயர் மண்ணாயினும் இஃது ஆற்றங்கரையில் தோண்டியெடுப்பதன்று. பாலிவினைல் குளோரைடு என்னும் பிளாஸ்டிக்கின் நுண்டுகளோடு, அதனை நெகிழச் செய்யும் எண்ணெய் போன்றதொரு பொருளையும் வண்ணப்பொடியையும் சேர்த்துப் பிசைந்தது. ஜெர்மனியிற் புகழ்பெற்ற பாவைக்கலைஞர் கேத்தே குரூசே அம்மையாரின் மகள், ஃபிஃபி என்று அழைக்கப்பெற்றவர், இத்தகைய களிமண்ணை வண்ணங்களுடன் உருவாக்கினார். அதன் உரிமையை எபர்ஹார்டு ஃபாபர் நிறுவனம் 1964-இல் பெற்று, பின்னர் ஃபிமோ என்னும் பெயரால் விற்கலாயிற்று. குயவர் மண் நீர் வற்றி இறுகுவது. ஆதலின் உலர்ந்தபின் சுருங்கும். இதுவோ வெப்பத்தால் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து இறுகுவது. ஆதலின் சுட்டபின் சுருக்கம் காண்டலரிது. அளவே உயிராகிய தொழிலுக்கு இப்பண்பு பெருந்துணையாம்.

இனி ஒரு ரொட்டியைச் செய்து பார்ப்போம். 24 சென்டிமீட்டர் நீளமுள்ள ரொட்டி 1:12 அளவில் 2 சென்டிமீட்டர் ஆகும். வெண்மண்ணோடு ஒளி கசியும் மண்ணையும் சிறிது மஞ்சளையும் கலந்து உருட்டினால் வடிவம் எளிதில் வந்துவிடும். ஆயினும் அதனைக் காண்பார் சவர்க்காரத் துண்டென்றே மயங்குவர். காரணம் யாது? உண்மை ரொட்டியின் துளை 2 மில்லிமீட்டர் எனின், கணக்கின்படி அஃது ஈண்டு ஒரு மில்லிமீட்டரின் ஆறிலொரு பங்கே ஆதல் வேண்டும். அத்துணை நுண்ணிய துளை கண்ணுக்கு எளிதிற் புலனாகாது. ஆதலின் கைவல்லோர் பல் துலக்கும் தூரிகையின் மயிர்களால் மண்ணைப் பன்முறை ஒற்றிக் கணக்கினும் சற்றே பெரிய துளைகளை ஆக்குவர். கணக்கிற் பிழைபட்டது கண்ணிற்கு மெய்யாகின்றது.

வண்ணமும் அவ்வாறே. ரொட்டியின் மேற்புறம் சிவப்பதற்கு மாவிலுள்ள சர்க்கரையும் புரதமும் வெப்பத்தால் ஒன்றையொன்று மாற்றுவது காரணம். இத்தகைய வினையைப் பிரெஞ்சு அறிஞர் மயார் 1912-இல் ஆராய்ந்து கூறினார். வெப்பம் மிகுதியாகப் படும் மேன்மேடு கருஞ்சிவப்பு, பக்கங்கள் பொன்னிறம், வெடித்த பிளவின் உட்புறம் வெளிறியது. வண்ணச் சுண்ணக்கட்டியைச் சுரண்டிய பொடியை முதலிற் பொன்மஞ்சள், பின்னர்ச் செம்பழுப்பு என்னும் முறையே மெல்லிய தூரிகையால் தடவுதல் வேண்டும். எங்கும் ஒரே நிறம் பூசுவோன் ரொட்டியை உண்டவனேயன்றி அதனைக் கண்டவன் அல்லன்.

ஆரஞ்சுத் துண்டிற்கோ வேறொரு வழி உண்டு. பல நிறக் கண்ணாடிக் கோல்களை அடுக்கி நீட்டும் பழைய முறையினின்றும் பெறப்பட்டது அது. சுளை நிறமுள்ள மண்ணை நீண்ட கோல்களாக்கி, ஒவ்வொன்றையும் மெல்லிய வெண்படலத்தாற் போர்த்து, குறுக்குவெட்டில் நீர்த்துளி வடிவம் தோன்றுமாறு அழுத்தி, வட்டமாக அடுக்குதல் வேண்டும். அதன்மேல் வெள்ளைத் தோல், அதன்மேல் ஆரஞ்சுத் தோல். 6 சென்டிமீட்டர் குறுக்கும் 5 சென்டிமீட்டர் நீளமும் உடைய அவ்வுருளையைச் சிறுகச் சிறுக அழுத்தி உருட்டி, குறுக்களவு 6 மில்லிமீட்டர் ஆகுமளவும் நீட்டினால், நீளம் நூறு மடங்காகி 5 மீட்டர் ஆகும். முனைகள் சிதைந்து வீணாயினும் நடுவிலுள்ள வடிவம் மாறாது. சுட்டபின் இளஞ்சூட்டிலேயே மெல்லிய பிளேடால் அரிந்தால் ஒவ்வோர் அரிவும் ஓர் ஆரஞ்சு வட்டமாம்.

குழம்பையும் நீரையும் உண்மைப் பொருளாகவே வைத்தலாகாதோ எனின், ஆகாது. 4 மில்லிமீட்டர் அகலமுள்ள நீர்த்துளி அச்சிற்றுலகில் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் உருண்டையாகத் தோன்றும். சிறு கிண்ணத்தில் நீர் குவிந்து நிற்கும். மனிதர் வீட்டைக் குறைக்கலாம். நீரின் பரப்பிழுவிசையைக் குறைத்தல் இயலாது. ஆதலின் நீர்மமாகிய பாலிமர் களிமண்ணைக் கொண்டே குழம்பை ஆக்குவர்.

சுடுதற்கண் விழிப்பு இன்றியமையாதது. ஃபிமோ 110 டிகிரி செல்சியஸில் அரைமணி நேரம் சுடப்படுவது. வேறு சில வகைகள் 130 டிகிரி வரை வேண்டுவன. வெப்பம் வரம்பு கடந்து மண் கருகின், ஹைட்ரஜன் குளோரைடு என்னும் கடுமையான வளி வெளிப்படும். ஆதலின் வெப்பமானி கொண்டு அளந்தும், சாளரங்களைத் திறந்து வைத்தும் சுடுதல் நன்று. இதற்குப் பயன்பட்ட தட்டும் கத்தியும் மீண்டும் சமையலறைக்குச் செல்லலாகா. செய்த பண்டங்கள் மழலையர் கைக்கு எட்டலாகா. மெய்யென்று நம்பி விழுங்குதல் கூடும்.

உண்ணப்படாத உணவிற்கு இத்துணை உழைப்பு ஏன் என்று வினவுவார் உளர். அவர்க்கு எகிப்து நாடு விடையளிக்கும். ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகட்கு முன் வாழ்ந்த மெகெத்ரே என்னும் அரசவைப் பெரியோனின் கல்லறையினின்றும் 1920-இல் மரத்தாலாகிய சிற்றுருக்கள் பல வெளிப்பட்டன. அவற்றுள் ரொட்டி சுடும் கூடமும் ஒன்று. இறந்தவன் பசியைத் தீர்த்தற்கென வைத்த அவ்வுருக்கள், அந்நாளில் மாவரைத்தோரும் பிசைந்தோரும் நின்ற நிலையையும் கையாண்ட கலங்களையும் இன்று நமக்கு உணர்த்துகின்றன. அரசர் போர்கள் கல்லிற் பொறிக்கப்படும். அன்றாட உணவை அங்ஙனம் பொறிப்பார் அரியர். அதனைக் காத்து வைத்தவற்றுள் இச்சிற்றுருக்களும் இடம்பெறும்.

மேற்கூறியவற்றால், சிறிதாக்கல் என்பது குறைத்தல் மட்டுமன்று, தேர்தலுமாம் என்பது பெறப்படும். எதனைக் கணக்கின்படி வைப்பது, எதனை மிகுப்பது, எதனை விடுவது என்று துணிதற்குப் பெரியதை முற்றக் கண்டிருத்தல் வேண்டும். மாணவ நண்பர்காள்! இக்களிமண்ணைக் கையிலெடுப்பவர் நம்முட் சிலரே ஆகலாம். ஆயினும் இன்று விடுதியிலோ வீட்டிலோ நும்முன் வைக்கப்படும் ரொட்டித் துண்டை வாயிலிடுமுன் ஒரு நொடி நோக்குமின். அதன் எப்பக்கம் சிவந்தது, எப்பக்கம் வெளிறியது, ஏன் என்று வினவுமின். இந்நுண்டொழிலின் முதற் பாடம் அதுவே.